அமிதாவா, சபலா?: வாசகர் கேள்வி – பதில்

(இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வீடியோ கேமைப் பற்றி வந்திருப்பதால் அவற்றைச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் இந்தப் பக்கங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.)

கேள்வி: விடுமுறையில் ‘ஃபார் க்ரை 4’ விளையாடி முடித்தேன். அதில் ஒரு கிளர்ச்சிப் படைக்கு இரண்டு தலைவர்கள். யார் பேச்சைக் கேட்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கடைசிவரை அமிதா பக்கம் நின்றேன். முடிவில் அவர் கிராமத்துச் சிறுவர்களைக் கட்டாயப்படுத்திப் படையில் சேர்ப்பதைப் பார்த்ததும் மனம் நொந்து கேமை அணைத்துவிட்டேன். சபல் பக்கம் நின்ற என் அறைத்தோழனும் அவனுடைய முடிவைப் பார்த்து இப்படித்தான் நொந்துபோனான். எங்கள் இருவரில் யார் செய்தது சரி?

– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: விளையாடாதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மாண்ட்ரியல் பிரிவு உருவாக்கி 2014 நவம்பரில் வெளிவந்த விளையாட்டு இது. இமயமலைச் சாரலில் கிராத் என்றொரு கற்பனை நாடு. அதை ஹாங்காங்கிலிருந்து வந்த பேகன் மின் என்பவர் சர்வாதிகாரியாக ஆள்கிறார். அமெரிக்காவில் வளர்ந்த அஜய் காலே என்ற இளைஞன், இறந்துபோன தன் தாய் ஈஸ்வரியின் அஸ்தியை அவர் விரும்பியபடி சொந்த மண்ணில் சேர்ப்பதற்காக அங்கே வருகிறான். அவனுடைய தந்தை மோகன் காலே தொடங்கிய ‘கோல்டன் பாத்’ என்ற கிளர்ச்சி இயக்கம் அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அந்த இயக்கத்தை அப்போது நடத்துபவர்கள் அமிதா என்ற பெண்ணும் சபல் என்ற ஆணும். சபல் மரபையும் மதத்தையும் மீட்க விரும்புகிறார். அமிதாவோ பழைய வழக்கங்களை உதறிவிட்டு நாட்டை நவீனமாக்கத் துடிக்கிறார், அதற்கான பணம் அபினிலிருந்து வந்தாலும் அவருக்குத் தடையில்லை. (சபல் என்ற பெயரைக் கேட்டதும் நமக்குச் சபலம்தான் நினைவுக்கு வருகிறது. வடமொழியில் அது பலத்தோடு கூடியவன் என்று பொருள்படும். அமிதா என்றால் அளவில்லாதவள். பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களோ இல்லையோ, இரண்டும் பொருந்தித்தான் இருக்கின்றன.)

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் முடிவெடுத்தபோது உங்கள் கையில் என்ன தகவல் இருந்தது என்பதை வைத்துத்தான் அந்த முடிவை எடைபோட வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவைக் குற்றம் சொல்வதானால் உலகில் ஒருவரும் தப்ப முடியாது. முதல் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிப் படையின் திட்டங்களைப் பற்றிய தகவலைக் கைப்பற்றினால் இன்னும் பலரைக் காப்பாற்றலாம் என்கிறார் அமிதா. சிக்கிக்கொண்ட நம் ஆட்களை முதலில் மீட்போம் என்கிறார் சபல். இரண்டுமே நியாயமான வாதங்கள். இந்த நேரத்தில் அமிதாவை நம்பியவர் பின்னாளில் சிறுவர்களைப் படைக்குப் பிடிப்பதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார் என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் உங்களை முழுவதுமாக விடுவிக்க எனக்கு மனமில்லை. தேர்வு வரும் ஒவ்வொரு முறையும் திரையில் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். இருவரும் நேருக்கு நேர் நின்று குரலை உயர்த்திச் சண்டையிடுகிறார்கள், பிறகு இருவருமே அஜயைப் பார்க்கிறார்கள். ஒருவர் மற்றவருடைய வாதத்துக்குப் பதில் சொன்ன காட்சி உங்கள் நினைவில் இருக்கிறதா? எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. தன் கருத்தோடு மோதும் தோழரை எப்படி நடத்துகிறார் என்பது, ஒருவர் ஆட்சிக்கு வந்தால் எதிர்ப்பவர்களை எப்படி நடத்துவார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் முன்னோட்டம். இருவருமே அதை நம் கண்முன்னால் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாம்தான் அடுத்த பணிக்கான குறி வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். நானும் அப்படித்தான் தேடினேன்.

கேள்வி: பேரனோடு உட்கார்ந்து இந்த விளையாட்டைப் பார்த்தேன். “குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்” என்ற குறளைச் சொல்லி, இருவரில் குணம் மிகுந்தவரைத் தேர்ந்தெடு என்று அவனுக்கு வழி காட்டினேன். அவனோ, “இரண்டு பேரிடமும் குற்றம்தான் தாத்தா மிகை” என்கிறான். வள்ளுவர் இங்கே பயன்பட மாட்டாரா?

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, உங்களுக்குக் குறள் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். அந்தக் குறள் 504ஆவது, ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் வருவது. அங்கே தேர்ந்தெடுப்பவன் அரசன், தேர்ந்தெடுக்கப்படுபவன் அவன் கீழ் வேலை பார்க்கப் போகிறவன். குற்றம் கொஞ்சம் இருந்தாலும் குணம் மிகுந்தால் ஏற்றுக்கொள் என்று வள்ளுவர் துணிந்து சொல்ல முடிவதற்குக் காரணம், அந்தக் கணக்குத் தப்பிப்போனால் திருத்துவதற்கு அரசன் அங்கேயே இருக்கிறான் என்பதுதான். சரிப்படாதவனை அவன் நாளைக்கே விலக்கிவிடலாம்.

அஜயின் நிலைமை தலைகீழானது. அவன் தேர்ந்தெடுப்பது ஓர் ஊழியனை அல்ல, அரசனையே. தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து அவன் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. இப்படிப்பட்ட தேர்வில் குணத்தையும் குற்றத்தையும் தராசில் வைப்பது போதாது. இவர் கெட்டுப்போனால் தடுப்பதற்கு யார் இருப்பார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். கிராத்தில் சபலைத் தடுக்க இருந்த ஒரே ஆள் அமிதா, அமிதாவைத் தடுக்க இருந்த ஒரே ஆள் சபல். கதை முடியும் நேரத்தில் அந்த ஒரே தடையையும் கொன்றுவிட்டு வா என்று, நாம் தேர்ந்தெடுத்த தலைவர் நம்மிடமே கட்டளையிடுகிறார்! கொல்லாமல் போகவிடவும் விளையாட்டு இடம் தருகிறது, ஆனால் அப்படிப் போனவர் திரும்பி வந்து எதையும் தடுப்பதில்லை.

உங்கள் பேரன் சொன்னதில் பிழையில்லை. இருந்தாலும் அவனை வள்ளுவரிடமிருந்து விரட்டிவிடாதீர்கள். அடுத்த அதிகாரத்தில் “இதனை இதனால் இவன்முடிக்கும்” என்று தொடங்கும் குறள் இருக்கிறதே, அது இந்த விளையாட்டின் முற்பகுதிக்கு நன்றாகவே பொருந்தும். ஒரு பணியில் சபலையும் அடுத்த பணியில் அமிதாவையும் பின்பற்ற அங்கே வழியிருக்கிறது. நான் அப்படி மாறி மாறித்தான் விளையாடினேன், அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஆனால் கடைசியில் எடுக்கும் முடிவுதான் யார் தலைவர் என்பதைத் தீர்மானிக்கிறது. அதுவரை நாம் காத்த நடுநிலையை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: அபின் வயலைக் கொளுத்தச் சொல்கிறார் சபல், காப்பாற்றச் சொல்கிறார் அமிதா. போதைப்பொருள் விஷயத்தில் இரண்டாம் கருத்துக்கு ஏது இடம்? கொளுத்துவதுதானே சரி?

– மருந்துக்கடை நடத்தும் வாசகர், சென்னை

பதில்: நானும் இப்படி நினைத்துத்தான் முதல் முறை கொளுத்தினேன். பிறகு ஆப்கானிஸ்தானில் நடந்தது நினைவுக்கு வந்தது. அங்கே 2000ஆம் ஆண்டு ஜூலையில் தாலிபான் தலைவர் முல்லா ஓமர் அபின் சாகுபடிக்குத் தடை விதித்தார். ஐ.நா. கணக்கின்படி அந்த ஆண்டு சுமார் 82,000 ஹெக்டேரில் இருந்த பயிர் மறு ஆண்டு சுமார் 8,000 ஹெக்டேராகச் சுருங்கியது. காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது. ஆனால் அங்குள்ள சிறு விவசாயிகள் பலர், வரப்போகும் அபினையே ஈடாகக் காட்டி முன்பணம் வாங்கித்தான் குளிர்காலத்தைத் தள்ளுவார்கள். பயிர் போனதே ஒழிய கடன் போகவில்லை. தடைக்கு முன்பே சரக்கை வாங்கிப் பதுக்கி வைத்திருந்தவர்களுக்கோ விலையேற்றத்தில் கொழுத்த லாபம். தாலிபான் ஆட்சி 2001இல் வீழ்ந்ததும் அதற்கடுத்த பருவத்திலேயே சாகுபடி மீண்டும் பரவிவிட்டது.

ஆகவே வயலைக் கொளுத்திய மறுநாள் அந்த விவசாயி எதை விதைப்பான், யாரிடம் விற்பான் என்று சபலிடம் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு அவரிடம் மதத்தைத் தவிர வேறு பதில் இல்லை. அமிதாவிடம் ஒரு பதில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் வேண்டுமே என்கிறார். ஆனால் வயலோடு நில்லாமல் போதைப்பொருள் தயாரிக்கும் ஆலையையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டம் வரும்போது, பள்ளிக்கூடத்துக்காக அபினா அல்லது அபினுக்காக நாடா என்ற சந்தேகம் நமக்கு வந்திருக்க வேண்டும். இறுதிக் காட்சியில் அந்த வேலைக்கும் ஊர் மக்களைக் கட்டாயப்படுத்தி அனுப்புகிறார். வயலைப் பற்றி மட்டும் கேட்டால் அமிதாவின் வாதத்தில் பாதிக்கு நான் உடன்படுவேன், ஆலையைப் பற்றிக் கேட்டால் சபல் பக்கம் போய்விடுவேன்.

கேள்வி: எல்லோரும் அமிதா, சபல் என்றே பேசுகிறார்கள். பத்ரா என்ற சிறுமியைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: இந்த வாரம் வந்தவற்றில் என்னை அதிக நேரம் உட்கார வைத்த கடிதம் உங்களுடையதுதான்.

பத்ராவைத் ‘தருண் மாதாரா’வாக, அதாவது மனித உருவில் இருக்கும் தெய்வமாக, சபல் பார்க்கிறார். மக்களை ஒன்றுசேர்க்க அவள் வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த மூடநம்பிக்கையிலிருந்து அவளை விடுவிக்க வேண்டும் என்பது அமிதாவின் பேச்சு. நேபாளத்துக் குமாரி வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நேவார் சமூகத்தின் சாக்கிய குடும்பங்களிலிருந்து சின்னஞ்சிறு பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, காத்மாண்டு அரண்மனைச் சதுக்கத்தில் 1757இல் கட்டப்பட்ட குமாரி இல்லத்தில் தெய்வமாக வைத்திருப்பார்கள். பூப்பெய்தியதும் அவள் மீண்டும் சாதாரணப் பெண்ணாகி வீடு திரும்ப வேண்டும். குமாரிக்கும் மற்ற குழந்தைகளைப் போலக் கல்வி கற்கும் உரிமை உண்டு என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. வழக்கம் இன்றும் தொடர்கிறது, ஆனால் அந்தக் குழந்தைக்கும் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. கோயிலை இடிக்காமலும் குழந்தையைப் பலியிடாமலும் ஒரு வழி காண முடியும் என்பதற்கு இதைக் காட்டலாம். கிராத்தில் அப்படியொரு நீதிமன்றம் இல்லை, ஜலேந்து கோயிலைக் காப்பதா தகர்ப்பதா என்ற இரண்டே வழிகள்தான் நமக்குத் தரப்படுகின்றன.

சபல் வென்றால் பத்ரா தெய்வமாக அமர்த்தப்படுகிறாள். அவள் கண்ணெதிரிலேயே அமிதாவின் ஆதரவாளர்களை மண்டியிட வைத்துக் கொல்கிறார்கள். அமிதா வென்றால், பத்ரா எங்கே என்று அஜய் கேட்கும்போது, அவளை அனுப்பிவிட்டேன், இனி வர மாட்டாள் என்று பதில் வருகிறது. அதற்கு என்ன பொருள் என்று விளையாட்டு விளக்குவதில்லை, விளக்கவும் தேவையில்லை. அவளை வைத்து இத்தனை வாதம் நடக்கிறதே, அவளை உட்கார வைத்து, “உனக்கு என்னம்மா வேண்டும்?” என்று இரண்டு தலைவர்களில் ஒருவராவது கேட்டார்களா? விளையாடுகிற நமக்கும் அப்படிக் கேட்க ஒரு பொத்தான் கிடையாது.

சிறுவர்களைப் படைக்குப் பிடிப்பது மிகைப்படுத்தல் என்று வேறொரு வாசகர் எழுதியிருந்தார். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின் மாவோயிஸ்டுப் படை முகாம்களை ஐ.நா. குழு சரிபார்த்தபோது, வயது வராதவர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் மட்டும் 2,973 பேர். அவர்கள் 2010இல்தான் முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

கேள்வி: ‘புரட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’ என்று சொல்வது கதாசிரியர்களின் சோம்பேறித்தனம் இல்லையா?

– மென்பொருள் துறை வாசகர், சிங்கப்பூர்

பதில்: பெரும்பாலும் ஆம். 2013இல் வந்த ‘பயோஷாக் இன்ஃபினிட்’ விளையாட்டிலும், ஒடுக்கப்பட்டவர்களின் தலைவியான டெய்ஸி ஃபிட்ஸ்ராய் கொடுங்கோலனுக்கு இணையாகக் காட்டப்பட்டதற்குக் கடும் விமர்சனம் எழுந்தது. ‘ஃபார் க்ரை 4’ அந்த அளவுக்கு மோசமில்லை, ஏனென்றால் இருவருடைய சரிவுக்கும் விதைகளை முன்பே தூவிவிட்டுத்தான் முடிவுக்குப் போகிறது. நாடெங்கும் சிதறிக் கிடக்கும் மோகன் காலேயின் நாட்குறிப்புத் தாள்களைப் பொறுக்கிப் படித்தால், இயக்கத்தின் நோய் நிறுவனரிடமே தொடங்கிவிட்டது என்பதும் தெரியும்.

என் மனக்குறை வேறு. மூன்றாவது வழியே இல்லை. 2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ விளையாட்டில் மோதிக்கொள்ளும் தரப்புகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு ஊரைத் தன்னாட்சியாக வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. அதிலும் சிக்கல்கள் வரும், ஆனால் அவை நாமே இழுத்துக்கொண்ட சிக்கல்கள். கிராத்தில் அஜய் இல்லாமல் ஒரு வேலையும் நடப்பதில்லை. அத்தனை பலமுள்ளவன், “இந்த நிபந்தனைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் நான் வருவேன்” என்று ஒரு முறையாவது சொல்ல வேண்டாமா? கூலியில்லாத வேலைக்காரனைப் போல எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, முடிவைப் பார்த்து அதிர்ச்சியடைகிறான். எழுதியவர்கள் மீது எனக்குள்ள வருத்தம் இதுதான்.

கேள்வி: வெளியிலிருந்து வந்த ஒருவர் இப்படி இரு கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சி உண்மை வரலாற்றில் உண்டா?

– வரலாற்று மாணவி, சேலம்

பதில்: உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த யூகோஸ்லாவியாவில் மன்னராட்சியை ஆதரித்த மிஹைலோவிச்சின் படையும் கம்யூனிஸ்டான டிட்டோவின் படையும் ஆக்கிரமிப்பாளர்களை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவரையொருவரும் வெட்டிக்கொண்டன. முதலில் மிஹைலோவிச்சை ஆதரித்த பிரிட்டன், நிலைமையை அறிந்துவர ஃபிட்ஸ்ராய் மக்லீன் என்ற அதிகாரியை 1943 செப்டம்பரில் பாராசூட்டில் டிட்டோவிடம் இறக்கியது. ஜெர்மானியர்களை அதிகமாகத் தாக்குவது யார் என்பதுதான் அவர்களுடைய முக்கியமான அளவுகோல். அந்தக் கணக்கில் டிட்டோ முந்தினார்.

டிட்டோ வென்றால் போருக்குப் பின் நாடு கம்யூனிச ஆட்சியின் கீழ் போகும் என்று மக்லீன் கெய்ரோவில் சர்ச்சிலிடம் எச்சரித்தபோது, போர் முடிந்தபின் அந்த நாட்டில் குடியேறும் எண்ணம் உமக்கு உண்டா என்று சர்ச்சில் திருப்பிக் கேட்டதாக மக்லீனே எழுதியிருக்கிறார். இல்லை என்றார் மக்லீன். எனக்கும் இல்லை என்றார் சர்ச்சில். மிஹைலோவிச் 1946 ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்டார், டிட்டோ 1980இல் இறக்கும்வரை ஆண்டார். ஹிட்லரை வீழ்த்துவது என்ற அளவில் அந்தத் தேர்வு சரியானதே என்பது என் கருத்து. ஆனால் அங்கேயே வாழ வேண்டியவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு அளவுகோலும் வந்திருக்கும். அஜயும் பாஸ்போர்ட்டோடு வந்தவன்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. இதை விளையாட விடலாமா?

– குடும்பத்தலைவி, ஈரோடு

பதில்: வேண்டாம். ஐரோப்பியத் தர முத்திரைப்படி இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, அமெரிக்க முத்திரைப்படி 17. தலைவர்களைப் பற்றிய விவாதத்தை அவன் இந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

– நீண்ட நாள் வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதல் முறை மாறி மாறிப் போய்க் கடைசியில் அமிதா. சபலைக் கொல்லாமல் போகவிட்டேன். இரண்டாம் முறை சபல், பத்ராவின் முகத்தைப் பார்த்தபின் அதை முடிக்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் முறை தொடங்கியபோது என் அக்காள் மகன் ஒரு யோசனை சொன்னான். கதையின் தொடக்கத்தில், எல்லையில் பேருந்தை நிறுத்தச் சொன்னால் சுட்டுவிட்டாயே என்று தன் படைவீரனையே பேனாவால் குத்திக் கொன்ற பேகன் மின், அஜயை ஒரு மாளிகைக்கு அழைத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைக்கிறார். நண்டு பொரித்த பலகாரம் இருக்கிறது, சாப்பிடு, இங்கேயே இரு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். விளையாடுகிறவர்கள் எல்லோரும் அந்த நிமிடமே தப்பி ஓடுகிறோம், கிளர்ச்சிக்காரர்களிடம் போய்ச் சேருகிறோம். “ஓடாதீங்க மாமா, சும்மா உட்காருங்க” என்றான். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரு பொத்தானையும் தொடாமல், காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சொன்னபடியே பேகன் மின் திரும்பி வந்தார். தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து, அஸ்தியை எங்கே சேர்க்க வேண்டுமோ அங்கே அழைத்துப்போனார்.

தன்னை லக்ஷ்மணாவிடம் சேர்க்கும்படி தாய் கேட்டிருந்தாள். அது ஏதோ ஓர் ஊர் என்றுதான் அஜய் நினைத்திருந்தான். அது ஊரல்ல, அவனுடைய தங்கையின் பெயர். இயக்கத்துக்காக உளவு பார்க்க மோகன் அனுப்பிய ஈஸ்வரிக்கும் பேகன் மின்னுக்கும் பிறந்த குழந்தை அவள், அவளைக் கொன்றது மோகன் காலே. அந்தச் சிறிய சமாதி மண்டபத்தில் தாயின் கலசத்தை மகளருகில் வைத்ததும் எழுத்துகள் ஓடத் தொடங்கின. அமிதாவும் சபலும் சண்டையிட்டுக்கொள்ளும் ஒரு காட்சியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. கொடுங்கோலன் தன் சிம்மாசனத்திலேயே இருக்கிறான், பத்ரா எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அக்காள் மகன் இதைத்தான் நல்ல முடிவு என்கிறான், நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.